பெங்களூருக்குக் கீரை போட்ட குடும்பங்கள்

(திரையில்: திகளர்பேட்டை, தர்மராயசுவாமி கோயில் வாசல்)

வணக்கம். பெங்களூர்த் தமிழர்கள் என்றதும் அல்சூர், சிவாஜி நகர், வெள்ளைக்காரர்களின் படைக் குடியிருப்பான கண்டோன்மென்ட்டோடு வந்தவர்கள் என்றுதான் பலருக்கும் நினைப்பு ஓடும். 1809-இல் கண்டோன்மென்ட் வருவதற்கு முன்பே இங்கே மண்வெட்டி பிடித்தவர்கள் திகளர்கள். வன்னிகுல க்ஷத்திரியர் என்று தங்களைச் சொல்லிக்கொள்பவர்கள், தோட்டம் போடுவதுதான் குலத்தொழில், வீட்டில் பலர் பேசுவது கன்னடம் கலந்த தமிழ். 1760-இல் ஹைதர் அலி தொடங்கிய லால்பாக்கில் பாடுபட்டதும் நம் ஆட்கள்தான் என்பது அவர்கள் வீடுகளில் வழிவழியாக வரும் பேச்சு.

(திரையில்: ஏற்றம் இறைக்கும் ஓவியம்)

சரி, சம்பங்கி ஏரிக் கரையோரம் தோட்டம் வைத்திருந்த ஒரு குடும்பத்தின் காலை எப்படி இருந்திருக்கும்? ஏரி நிரம்பினால் கிணற்றில் ஊற்று மேலே ஏறும். ஏற்ற மரத்தின் மேல் ஒருவர் முன்னும் பின்னும் நடக்க, கீழே ஒருவர் சால் என்ற இறைக்கும் வாளியைப் பிடித்துத் தண்ணீரைக் கவிழ்க்க, அது வாய்க்காலில் ஓடிவரும்போது பாத்திக்குப் பாத்தி மடை திருப்பிவிட இன்னொரு ஆள் வேண்டும், அது பெரும்பாலும் வீட்டுப் பையன்தான். கீரை ஒரு மாதத்தில் பறிப்புக்கு வந்துவிடும், உடனே அதே பாத்தியைக் கொத்தி அடுத்த விதை. சின்னத் துண்டு நிலம்தான், ஆனால் சும்மா கிடக்காது. வெள்ளைக்காரர்கள் குடியேறியதும் முட்டைக்கோஸ், காலிஃப்ளவர் என்று இங்கிலீஷ் காய்களுக்கும் கிராக்கி வந்தது. நாம் கூட்டு வைக்கிற சௌசௌ கூட லால்பாக் பொறுப்பிலிருந்த ஜான் கேமரூன் காலத்தில் இங்கே வந்ததாகத்தான் சொல்வார்கள்.

(திரையில்: ஹெசரகட்டா ஏரி)

அப்புறம் குழாய்த் தண்ணீர் வந்தது. 1890-களில் ஹெசரகட்டாவிலிருந்து ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். குடிக்கிறவர்களுக்கு நல்ல காலம், மறுப்பதற்கில்லை. ஆனால் ஏரித் தண்ணீரைக் குடிக்க வேண்டாம் என்றானதும் ஊர் நடுவில் இருந்த ஏரியைக் கவனிக்க நகரத்துக்கு என்ன அவசரம்? நீர் குறைந்தால் தோட்டக்காரர் கிணறும் சேர்ந்து இறங்கும். நிலத்தைப் பிடுங்கினால்தான் விவசாயி போவார் என்றில்லை, தண்ணீரை விட்டுவிட்டாலே போதும். சம்பங்கி ஏரி வற்றி, கடைசியில் கண்டீரவா ஸ்டேடியம் எழும்பியது.

ஆனாலும் ஏரி முழுசாக அழியவில்லை என்பதற்குக் காரணம் கரகம் என்ற திகளர் திருவிழா. சித்திரா பௌர்ணமியை ஒட்டி நடக்கும் பெங்களூர் கரகத்தில், மல்லிகைக் கரகம் ஊர்வலம் போவதற்கு முன் ஹசி கரகம், அதாவது பச்சை மண் குடம், சம்பங்கிக் குளத்திலிருந்துதான் கோயிலுக்கு வரும். இந்தச் சடங்குக்காகவே ஸ்டேடியத்தை ஒட்டி ஒரு சின்னக் குளத்தை விட்டுவைத்திருக்கிறார்கள். கரகம் தூக்குவது திகளர் பூசாரி, உடன் கத்தியோடு காவலாக வருவது வீரகுமாரர்கள் எனப்படும் திகளர் ஆண்கள். மனு கொடுத்துக் காப்பாற்ற முடியாததைத் திருவிழா கொஞ்சமாவது காப்பாற்றியிருக்கிறது என்பது என் கணக்கு.

(திரையில்: சித்தாபுரா நர்சரிகள்)

தோட்டத் தொழிலின் மிச்சம் பார்க்க வேண்டுமா? லால்பாக்கை ஒட்டிய சித்தாபுரா பக்கம் போங்கள், வரிசையாக நர்சரிகள். ரோஜாச் செடிக்கு விலை கேட்கும்போது தமிழிலேயே கேட்டுப் பாருங்கள்.