கொண்டை ஊசி வளைவுல ரோடு தெரியல: ஹெட் டிராக்கர் பத்தி ஒரு சந்தேகம்

வணக்கங்க. இன்னைக்கு முதல் கேள்வி கூடலூர்ல இருந்து ஒரு தம்பி அனுப்பினது. அப்படியே படிக்கிறேன்.

"அண்ணா, ஒரே ஒரு 27 இன்ச் மானிட்டர்ல அசெட்டோ கோர்ஸா ஓட்டுறேன். வெப்கேம் வச்சு ஓப்பன் டிராக் போட்டு, தலையைத் திருப்பினா படமும் திரும்புற மாதிரி பண்ணிட்டேன். ஆனா நேர் ரோட்டுலகூட படம் ஆடிக்கிட்டே இருக்கு. அரை மணி நேரத்துல தலை சுத்துது. லேப் டைம் முன்னாடி இருந்ததைவிட மோசமாயிடுச்சு. டிராக் ஐஆர் வாங்கினா சரியாகுமா, இல்ல ரேஸிங்குக்கு ஹெட் டிராக்கரே தேவையில்லையா?"

புதுசா கேக்குறவங்களுக்கு ஒரு வார்த்தை: அசெட்டோ கோர்ஸா கம்ப்யூட்டர்ல ஓட்டுற கார் ரேஸ் கேம். நம்ம தலை திரும்புறதைப் பாத்து கேம்ல படத்தையும் திருப்புறதுதான் ஹெட் டிராக்கர். ஓப்பன் டிராக் அதுக்கான சாஃப்ட்வேர், டிராக் ஐஆர் அதே வேலைக்குக் காசு குடுத்து வாங்குற கருவி.

தம்பி, காசை எடுத்து உள்ள வைங்க. வாங்குறது அப்புறம். நீங்க சொல்றதுல முக்கால்வாசி செட்டிங்ல இருக்கிற கோளாறு. மீதி கால்வாசி என்னன்னு எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. தலையில குல்லா போட்டுக்கிட்டு ஓட்டுறீங்களா? அதுக்கு அப்புறம் வர்றேன்.

நான் இதுக்குள்ள எப்படி வந்தேன்னு சொன்னா உங்களுக்கே பாதி புரிஞ்சிடும். எங்கப்பா இருபது வருஷத்துக்கு மேல குன்னூர்ல இருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு கேரட், முட்டைக்கோஸ் ஏத்திட்டுப் போன ஆளு. அந்த ரோட்டுல 14 கொண்டை ஊசி வளைவு. சின்ன வயசுல கிளீனர் சீட்ல உக்காந்து பாத்திருக்கேன். வளைவு வர்றதுக்கு முன்னாடியே அவரு தலை திரும்பிடும். ஸ்டியரிங் இன்னும் நேராத்தான் இருக்கும், கண்ணு மட்டும் சைடு கண்ணாடி வழியா அடுத்த சுத்து ரோட்டுக்குப் போயிடும். ஏறி வர்ற வண்டிக்குத்தான் முதல் வழி, அதனால கீழ இருந்து பஸ் வருதான்னு பாத்துட்டுத்தான் கையே அசையும்.

ஒருநாள் அவரை என் ரிக்ல, அதாவது ஸ்டியரிங், பெடல் மாட்டின கேம் சீட்ல, உக்கார வச்சேன். பெல்ஜியத்துல இருக்கிற ஸ்பா ரேஸ் டிராக். ஸ்டார்ட் ஆனதும் முதல் திருப்பமே லா சோர்ஸ், வலது பக்கம் மடக்கிப் போற கொண்டை ஊசி. மனுஷன் பழக்கத்துல தலையை வலது பக்கம் திருப்பினாரு. அங்க என்ன இருக்கு? எங்க வீட்டு பீரோ. "ரோடு எங்கடா?"ன்னாரு. உள்ளங்கை ஸ்டியரிங் நடுவுல ஹாரனைத் தேடுது. வண்டி நேராப் போயி சுவத்துல. அன்னைக்கு ராத்திரிதான் ஹெட் டிராக்கர்னா என்னன்னு தேட ஆரம்பிச்சேன்.

ரோடு ஏன் தெரியல? கணக்கு சின்னதுதான். 27 இன்ச் மானிட்டரோட அகலம் கிட்டத்தட்ட 60 சென்டிமீட்டர். நீங்க 60 சென்டிமீட்டர் தள்ளி உக்காந்தா, அந்த ஸ்கிரீன் உங்க கண்ணுக்கு சுமார் 53 டிகிரிதான். நடுவுல இருந்து ஒரு பக்கத்துக்கு 26, 27 டிகிரி. நிஜ வண்டியில உங்க ரெண்டு கண்ணும் சேர்ந்து கிட்டத்தட்ட 180 டிகிரி பாக்குது. கொண்டை ஊசியில நீங்க தொட வேண்டிய உள் முனை, அதாவது ஏபெக்ஸ், வண்டி மூக்குல இருந்து 50, 60 டிகிரி தள்ளிக் கிடக்கும். ஸ்கிரீனுக்கு வெளிய.

அதுக்கு எல்லாரும் பண்ற குறுக்கு வழி எஃப்ஓவியை, அதாவது கேம் ஸ்கிரீன்ல காட்டுற பார்வைக் கோணத்தை, கூட்டுறது. கூட்டினா பக்கவாட்டுல தெரியும், ஆனா எதிர்ல இருக்கிறதெல்லாம் சுருங்கித் தூரமாப் போயிடும். பிரேக் எங்க பிடிக்கணும்ங்கிற அளவே கெட்டுடும். இன்னொண்ணு, அசெட்டோ கோர்ஸா கேக்குறது செங்குத்துக் கோணம். நான் சொன்ன தூரத்துக்கு அங்க 31னு வரணும். 53னு போட்டு வச்சிருந்தீங்கன்னா முதல்ல அதை மாத்துங்க.

இப்போ உங்க படம் ஆடுறதுக்கு வர்றேன். விமானம் ஓட்டுற சிமுலேட்டருக்கு ஹெட் டிராக்கர் அருமை. வானத்துல நாலா பக்கமும் தேடணும், ரன்வே எங்க இருக்குன்னு தோள் வழியா பாக்கணும். நெட்ல கிடைக்கிற செட்டிங் புரொஃபைல் பெரும்பாலும் அந்த ஆளுங்க போட்டது. அதைத் தூக்கி கார்ல போட்டா வேலைக்கு ஆகாது.

கார்ல பின்பக்கம் வழுக்க ஆரம்பிக்குதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியுது? நிஜ வண்டின்னா இடுப்பு சொல்லிடும். சிமுலேட்டர்ல இடுப்புக்கு வேலையே இல்ல. ஸ்டியரிங் வழியா வர்ற ஃபோர்ஸ் கொஞ்சம் சொல்லும், மீதியைச் சொல்றது கண்ணுதான். படம் ஒரு டிகிரி, ரெண்டு டிகிரி சறுக்கினதும் கை தானா எதிர்ப்பக்கம் திருப்புது. இப்போ உங்க தலை அசைவும் அதே படத்தை ரெண்டு டிகிரி நகர்த்தினா? வண்டி வழுக்குச்சா, நம்ம கழுத்து அசைஞ்சுதான்னு மூளைக்குப் பிரிச்சுப் பாக்கத் தெரியாது. வழுக்காத வண்டியை நீங்க பிடிக்கப் போவீங்க. லேப் டைம் போனது அதுலதான்.

அதனால நேரா பாக்கும்போது டிராக்கர் செத்துக் கிடக்கணும். திருப்பத்துல மட்டும் உயிர் வரணும்.

ஓப்பன் டிராக்ல மேப்பிங்னு ஒரு ஜன்னல் இருக்கு. ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு கோடு. தலையை இடம் வலம் திருப்புறது யா. அந்தக் கோட்டைத் திறங்க. முதல் 6 டிகிரி வரைக்கும் தரையோட தரையா இழுத்து வைங்க, அதுக்குப் பேரு டெட்ஸோன். அங்க இருந்து மெதுவா ஏறி, உங்க தலை 25 டிகிரி திரும்பும்போது படம் 50 டிகிரி திரும்புற மாதிரி முடிங்க. ஏன் 25? அதுக்கு மேல தலை திரும்பினா உங்க மூக்கு மானிட்டர் ஓரத்தைத் தாண்டிடும், கண்ணை இழுத்துக்கிட்டுப் பாக்கணும். கழுத்து வலிதான் மிச்சம். கோடு திடுக்குன்னு ஏறக் கூடாது. காட்ரோடு மாதிரி வளைஞ்சு ஏறணும், ஏணி மாதிரி வேண்டாம்.

தோள் பக்கம் தலை சாயுறது ரோல், முன்னாடி பின்னாடி போறது, மேல கீழ போறது, எல்லாத்தையும் அணைச்சிடுங்க. தலையை நிமிர்த்திக் குனியுறது பிட்ச். அதையும் நான் அணைச்சுத்தான் வச்சிருக்கேன். அதுல எனக்கு ஒரு பாடம் இருக்கு. கெட்டியான பிரேக் பெடல் வாங்கின புதுசுல, ஒவ்வொரு தடவை பிரேக் பிடிக்கும்போதும் படம் கீழ குனிஞ்சு எந்திரிச்சுது. ரெண்டு நாள் சாஃப்ட்வேரைத் திட்டிக்கிட்டு இருந்தேன். கடைசியில போனை ஸ்டாண்டுல வச்சு என்னையே வீடியோ எடுத்துப் பாத்தேன். பெடலை ஓங்கி மிதிக்கிறப்ப நான்தான் நாற்காலியோட பின்னாடி போயி, கோயில் மாடு மாதிரி தலையாட்டிட்டு இருக்கேன்! சரியா பிரேக் போடுற இடத்துல, கண்ணு அசையவே கூடாத இடத்துல.

இப்போ தலை இருக்கிற இடம்தான் நேர்னு டிராக்கருக்குச் சொல்ற சென்டர் கட்டளையை ஸ்டியரிங்ல ஒரு பட்டனுக்குக் குடுத்துடுங்க. பதினஞ்சு லேப் ஓட்டினா யாரா இருந்தாலும் நாற்காலியில கொஞ்சம் சரிஞ்சிருப்போம். நீளமான நேர் ரோட்டுல ஒரு அழுத்து.

இப்போ குல்லா. வெப்கேம் வழியா ஓப்பன் டிராக் உங்க மூஞ்சியைப் பாத்துத்தான் கோணத்தைக் கணிக்குது. நம்ம ஊர்ல சாயங்காலம் ஆறு மணிக்கு மேல என்ன கோலத்துல இருப்போம்? புருவம் வரைக்கும் குல்லா, மூக்கு வரைக்கும் மஃப்ளர். கேமராவுக்குத் தெரியிறது ரெண்டு கண்ணு. அதுவும் என்னதான் பண்ணும்? நெத்தியும் தாடையும் தெரியட்டும்.

அடுத்தது வெளிச்சம். இதுதான் பெரிய விஷயம், யாரும் சொல்றதில்ல. சாதாரண வெப்கேம் நொடிக்கு 30 படம் எடுக்கும், அதாவது 33 மில்லி செகண்டுக்கு ஒண்ணு. வெளிச்சம் பத்தலைன்னா பல கேமராங்க தானாவே ஒவ்வொரு படத்துக்கும் நேரத்தைக் கூட்டிக்கும், 30 சத்தமில்லாம 15 ஆயிடும். 67 மில்லி செகண்டுக்கு ஒரு படம். 150 கிலோமீட்டர் வேகத்துல போற கார் அந்த நேரத்துல கிட்டத்தட்ட 2.8 மீட்டர் ஓடிடும். போதாக்குறைக்கு மங்கின படம் புள்ளி புள்ளியா இருக்கும், அதுல மூஞ்சியைத் தேடினா அசையாத தலையும் ஆடுற மாதிரித்தான் கணக்கு வரும். மேகம் வீட்டுக்குள்ளயே இறங்குற ஊருல, மத்தியானம் மூணு மணிக்கே இதே கதைதான். ஒரு டேபிள் லாம்பை மானிட்டருக்குப் பின்னாடி, உங்க மூஞ்சியைப் பாத்து வைங்க. முதுகுக்குப் பின்னாடி ஜன்னல் இருந்தா திரையை இழுத்து விடுங்க. கேமரா செட்டிங்ல ஆட்டோ எக்ஸ்போஷரையும் அணைங்க.

இதெல்லாம் பண்ணியும் மிச்சம் ஆட்டம் இருந்தா, ஓப்பன் டிராக்ல நடுக்கத்தைக் குறைக்கிற அக்கேலா ஃபில்டர்ல ஸ்மூத்திங்கைக் கூட்டலாம். பாத்துக் கூட்டுங்க. கூட்டக் கூட்ட நடுக்கம் குறையும், ஆனா படம் உங்க தலைக்குப் பின்னாடி இழுத்துக்கிட்டு வரும். அந்த இழுவைதான் தலைசுத்தல். பஸ்ல காதுக்குள்ள இருக்கிற சமநிலை உறுப்பு "திரும்புறோம்"ங்குது, செல்போனைப் பாக்குற கண்ணு "இல்லையே"ங்குது. கல்லாறு தாண்டினதும் பாதிப் பேரு எலுமிச்சம்பழத்தை மோந்துக்கிட்டு வர்றது அதனாலதான். இங்க தலைகீழ், கண்ணு திரும்புது, காது சும்மா இருக்கு. அதுல படம் வேற தாமதமா வந்தா கேக்கவே வேண்டாம். தலை சுத்த ஆரம்பிச்சா அன்னைக்கு அதோட நிறுத்திடுங்க, பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டாதீங்க.

டிராக் ஐஆர் கேட்டீங்க. நல்ல பொருள்தான். டிராக் ஐஆர் 5 நொடிக்கு 120 படம் எடுக்குது. மூஞ்சியைப் பாக்குறதில்ல. தொப்பியில மாட்டுற கிளிப்ல மூணு புள்ளி, அதுல பட்டுத் திரும்புற இன்ஃப்ராரெட் வெளிச்சத்தை மட்டும் பாக்குது. ஹெட்போன்ல மாட்டுற இன்னொரு கிளிப் இருக்கு, அதுல புள்ளிக்குப் பதிலா எல்இடியே எரியும். இருட்டு ரூம்ல ஜம்முனு வேலை செய்யும், குல்லாவும் போட்டுக்கலாம். கையில சாமர்த்தியம் இருக்கிறவங்க பிளேஸ்டேஷன் 3க்கு வந்த பழைய பிஎஸ்3 ஐ கேமராவைப் பிரிச்சு, உள்ள இன்ஃப்ராரெட்டைத் தடுக்கிற ஐஆர் ஃபில்டரை எடுத்துட்டு, பழைய ஃபிளாப்பிக்குள்ள இருக்கிற கறுப்புத் தகட்டை ஒட்டி, மூணு ஐஆர் எல்இடி வச்சு சொந்தமாவே பண்ணிடுவாங்க. அந்தக் கேமரா நொடிக்கு 60 படம் தரும். நான் முதல்ல ஓட்டினது அதுலதான்.

அதுலயும் ஒரு கூத்து. டிசம்பர் மாசம், உறைபனி. எங்கம்மா கரி அடுப்பைக் கொண்டுவந்து எனக்குப் பின்னாடி வச்சாங்க. நல்லா ஓடிக்கிட்டு இருந்த படம் திடீர்னு காரோட கூரையைப் பாக்குது. அடுத்த நொடி என் சீட்டைப் பாக்குது. அம்மா விசிறும்போதெல்லாம் இப்படி. கனல்ல இருந்து இன்ஃப்ராரெட் கொட்டுது, கேமராவுக்கு அது நாலாவது புள்ளி! குண்டு பல்பும் ஜன்னல் வெயிலும் இதே வேலையைப் பண்ணும். அப்புறம், கரி அடுப்பை ரூமுக்குள்ள வைக்கவே வைக்காதீங்க, ஜன்னல் திறந்திருந்தாலும். கேமராவுக்காக இல்ல, அந்தப் புகையில்லாத விஷவாயு ஆளையே கொன்னுடும்.

கண்ணுல மாட்டிக்கிற விஆர் ஹெட்செட், மூணு மானிட்டர் பத்தி ஒரு வரி. காசும் இடமும் இருந்தா ரெண்டுமே ஹெட் டிராக்கரைவிட மேல். மூணு மானிட்டர்ல கண்ணைத் திருப்பினா போதும், படம் நகர்றதே இல்ல. விஆர்ல தலை எவ்வளவு திரும்புதோ படமும் சரியா அவ்வளவேதான் திரும்பும், நாம போட்ட ஒண்ணுக்கு ரெண்டு ஏமாத்து வேலை அங்க கிடையாது.

யூரோ டிரக்னு லாரி கேம் ஓட்டுறவங்களுக்கு நான் சொன்ன டெட்ஸோனைப் பாதியாக் குறைச்சுக்கலாம். அங்க வேகம் கம்மி, கண்ணாடி பாக்குற வேலை ஜாஸ்தி. எங்கப்பா இப்போ அதுலதான் இருக்காரு. ஸ்பா பக்கமே வர்றதில்ல.

தம்பி, இன்னைக்கு ராத்திரி யா கோட்டையும் லாம்பையும் மட்டும் சரி பண்ணுங்க. லா சோர்ஸ்ல பத்து தடவை திரும்புங்க, லேப் டைம் பாக்காதீங்க. பிரேக் போடும்போது நேரா பாருங்க, பிரேக்கை விட ஆரம்பிக்கிற இடத்துல தலையைத் திருப்புங்க. அதுக்கப்புறமும் ஆடுச்சுன்னா, லாம்பு எங்க வச்சிருக்கீங்கன்னு ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. குல்லாவோட இல்ல.

அடுத்த கேள்வி, கியர் ஷிஃப்டர் டேபிளோட சேர்ந்து ஆடுதாம். கோத்தகிரியில இருந்து.