மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி

(பென்சில்வேனியாவில் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களின் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய பங்குத்தந்தை அவர்களே, விழாக் குழுவின் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, கவுண்டி தேர்தல் அலுவலகத்தில் பல வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்று இன்று நம் அழைப்பை ஏற்று வந்திருக்கும் ஐயா அவர்களே, விடியற்காலையிலிருந்து அடுப்பருகே நின்று பிரியாணி ஆக்கிப் போட்டுவிட்டு இப்போது கடைசி வரிசையில் இடம் கிடைக்காமல் நிற்கிற அக்காமார்களே, அனைவருக்கும் வணக்கம். இந்தப் பொன்னாடைக்கும் நன்றி. இந்த ஹாலில் ஹீட்டர் வேலை செய்யாததால் இதைக் கழற்றப் போவதில்லை.

கத்தோலிக்கர் ஓட்டும் கருக்கலைப்பு எதிர்ப்பும் என்பது தலைப்பு. மூன்று விஷயம் பேசுவதாக எழுதி வந்திருக்கிறேன். ஒன்று, கட்சிகள். இரண்டு, ஆயர்கள், அதாவது பிஷப்புகள். மூன்று, நாம்.

முதலில் என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். கருக்கலைப்பு விஷயத்தில் நான் திருச்சபையின் பக்கம். இதோ மூன்றாவது வரிசையில் இருக்கிற என் மனைவி முப்பது வருடம் நர்ஸாக வேலை பார்த்தவர். சட்டம் போட்டுத் தடுப்பதில் அவருக்கு உடன்பாடில்லை. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே இரண்டு கட்சி இருக்கிறது, இரண்டுக்கும் சோறு கிடைக்கிறது. நாட்டில் இருக்கிற இரண்டு கட்சிக்குள்ளும் அப்படி இல்லையே என்பதுதான் என் வருத்தம்.

எங்கள் தாத்தா ஒரு பழமொழி அடிக்கடி சொல்வார்: மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. அமெரிக்கக் கத்தோலிக்க வாக்காளருக்கு இதைவிடப் பொருத்தமாக ஒரு வரி எனக்குக் கிடைக்கவில்லை. ஏழைக்கு மருத்துவம், தொழிலாளிக்குச் சங்கம், குடியேறி வந்தவனுக்குப் பாதுகாப்பு என்று போனால் ஒரு கட்சி, ஜனநாயகக் கட்சி. கருவில் இருக்கும் உயிர் என்று போனால் இன்னொரு கட்சி, குடியரசுக் கட்சி. 1983இல் கர்தினால் பெர்னார்டின் ஃபோர்டாம் பல்கலைக்கழகத்தில் பேசும்போது, அணுகுண்டு, மரண தண்டனை, கருக்கலைப்பு எல்லாவற்றையும் உயிர் என்ற ஒரே நூலில் கோத்துப் பார்க்கச் சொன்னார். எந்தக் கட்சியும் அந்த நூலை முழுசாக எடுத்துக்கொள்ளவில்லை.

சரி, கதைக்கு வருகிறேன். நம் மாநிலத்துக் கதை.

பாப் கேசி. ஸ்க்ரான்டன்காரர். அப்பா சின்ன வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் கோவேறு கழுதை ஓட்டியவர், பிறகு படித்து வக்கீலானவர். மகனும் வக்கீல், அசல் ஜனநாயகக் கட்சிக்காரர், ஆனால் கருக்கலைப்பை எதிர்த்தவர். கவர்னர் ஆக வேண்டும் என்று 1966இல் பிரைமரியில், அதாவது கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உள்தேர்தலில், நின்றார், தோற்றார். 1970இல் நின்றார், தோற்றார். இதற்கு நடுவில் ஒரு கூத்து. 1976இல் மாநிலப் பொருளாளர் தேர்தலில் ஒரு பாப் கேசி ஜெயித்தார். யார்? இவர் இல்லை. வேறொரு பாப் கேசி! பேரைப் பார்த்து ஜனங்கள் குத்திவிட்டார்கள். 1978இல் நம்மவர் மூன்றாவது தடவை பிரைமரியில் நிற்கிறார். அதே நாளில், அதே வாக்குச்சீட்டில், துணை கவர்னர் பதவிக்கு மூன்றாவதாக ஒரு பாப் கேசி. பிட்ஸ்பர்க்கில் வாத்தியார், ஐஸ்கிரீம் கடையும் வைத்திருந்தவர். நம்மவர் தோற்றார், ஐஸ்கிரீம்காரர் ஜெயித்தார்! (சிரிப்பு) சிரிக்காதீர்கள். பிரைமரியில் யார் ஓட்டுப் போடுகிறார்கள், எதைப் பார்த்துப் போடுகிறார்கள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு கேட்பேன்.

1986இல் நான்காவது தடவை. 'அசல் பாப் கேசி நான்தான்' என்று சொல்லிக்கொண்டே ஓட்டுக் கேட்டார். ஜெயித்தார். 1990இல், கருக்கலைப்பு உரிமையை ஆதரித்த குடியரசுக் கட்சி வேட்பாளரைப் பெரிய வித்தியாசத்தில் வீழ்த்தினார். கட்சிப் பெயரை நான் மாற்றிச் சொல்கிற மாதிரி தோன்றும், ஆனால் அப்படித்தான் இருந்தது. அவர் கையெழுத்திட்ட கருக்கலைப்புக் கட்டுப்பாடுகள் உச்ச நீதிமன்றம் வரை போய், 1992 ஜூன் 29 அன்று தீர்ப்பு வந்தது. கருக்கலைப்பை நாடு முழுக்க உரிமையாக்கிய 1973 ரோ தீர்ப்பின் அடிப்படை நின்றது. 24 மணி நேரக் காத்திருப்பு நின்றது. கணவனுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற பிரிவு விழுந்தது. வழக்கின் பெயரிலேயே 'கேசி' இருக்கிறது.

இரண்டே வாரத்தில் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் கட்சி மாநாடு. பேச இடம் கேட்டுக் கடிதம் எழுதினார். இடமில்லை. ஒரு பெரிய மாநிலத்தின் கவர்னர், சொந்தக் கட்சி மாநாட்டில் கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்திருந்தார். போப்பாண்டவர் உடையில் அவர் படம் போட்ட பொத்தான்கள் அங்கே விற்பனைக்கு வந்தன. கட்சியின் அதிபர் வேட்பாளரான கிளின்டனை அவர் ஆதரிக்கவில்லை, அதனால்தான் மேடை தரவில்லை என்று கட்சி சொன்னது. கருக்கலைப்பை எதிர்த்த வேறு சிலர் அங்கே பேசினார்களே என்ற வாதமும் உண்டு. இருக்கட்டும். வெளியே எதிராளி ஒரு இடி, உள்ளே சொந்தக்காரன் ஒரு இடி. மத்தளம் என்ன செய்யும்?

அதே வருடக் கடைசியில் ஏழைக் குழந்தைகளுக்கான மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தில் அவர் கையெழுத்துப் போட்டார். பெற்றெடு என்று சொல்கிறவன், பிறந்த பிள்ளைக்கு டாக்டர் செலவையும் பார்க்க வேண்டாமா? ஐந்து வருடம் கழித்து நாடு முழுக்கக் கொண்டுவந்த திட்டத்துக்கு அது ஒரு முன்மாதிரி. இதைக் கேட்டு என் மனைவியும் தலையாட்டுகிறார், பாருங்கள்.

(ஒரு சீட்டு வந்திருக்கிறது. தொடக்கத்தில் பொருளாளர் அவர்களைக் குறிப்பிட விட்டுப் போய்விட்டதாம். பொருளாளர் அவர்களே, வணக்கம், மன்னிக்க வேண்டும். காசு வைத்திருப்பவரை மறந்தது என் தப்புதான்.)

அவர் மகனும் பாப் கேசிதான். 2006இல் செனட்டுக்கு நின்று, கருக்கலைப்பை எதிர்த்த இன்னொரு கத்தோலிக்கரான குடியரசுக் கட்சியின் சான்டோரத்தைத் தோற்கடித்தார். அப்பாவின் கொள்கையோடு போனவர், 2022இல் கருக்கலைப்பு உரிமை மசோதாவை முன்னெடுக்க ஓட்டளித்தார். 2024இல் பதவியை இழந்தார். 2009இல் மிச்சிகனைச் சேர்ந்த ஜனநாயகக் கட்சி உறுப்பினர் பார்ட் ஸ்டூபாக் மருத்துவக் காப்பீட்டு மசோதாவில் கொண்டுவந்த திருத்தத்துக்கு, அதாவது கருக்கலைப்புக்கு அரசுப் பணம் போகக்கூடாது என்பதற்கு, ஜனநாயகக் கட்சியில் 64 பேர் கை தூக்கினார்கள். இன்று விரல் விட்டு எண்ணிவிடலாம், அதற்கும் ஒரு கையே போதும்.

அந்தப் பக்கம் நிம்மதி என்று நினைக்காதீர்கள். 1976இலிருந்து கருக்கலைப்பு எதிர்ப்பைக் கொள்கை அறிக்கையில் எழுதிவந்த குடியரசுக் கட்சி, 2024இல் மில்வாக்கியில், நாடு தழுவிய தடை என்ற கோரிக்கையை எடுத்துவிட்டு மாநிலங்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்றது. 2022இல் ரோ தீர்ப்பை ரத்து செய்த டாப்ஸ் தீர்ப்பு வந்த பிறகு ஓட்டுக் கணக்கு மாறிவிட்டது, அவ்வளவுதான். அந்த வரிக்காகவே அரை நூற்றாண்டு ஓட்டுப் போட்டவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்? இரண்டாவது பக்க இடி அது.

இரண்டாவது விஷயம், ஆயர்கள். 1984இல் கருக்கலைப்பு விஷயத்தில் துணை அதிபர் வேட்பாளர் ஃபெராரோவை நியூயார்க் பேராயர் ஓகானர் கண்டித்தது, நியூயார்க் கவர்னர் மரியோ குவோமோ நோட்ரடாம் பல்கலைக்கழகத்தில் பதில் சொன்னது, 2004இல் அதிபர் வேட்பாளர் கெர்ரிக்கு நற்கருணை தரலாமா என்ற சண்டை, எல்லாம் குறித்து வந்திருக்கிறேன். தந்தை கடிகாரத்தைப் பார்க்கிறார், தாவிவிடுகிறேன்.

மூன்றாவதுக்கு வந்துவிட்டோம், நான் வந்ததே இதற்குத்தான். ஒரு கட்சிக்குள் மாற்றுக் கருத்து உள்ளவன் பிழைப்பதும் சாவதும் பிரைமரியில். சிகாகோ பக்கத்து அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர் லிபின்ஸ்கி கருக்கலைப்பை எதிர்த்த ஜனநாயகக் கட்சிக்காரர். 2020 மார்ச்சில் சில ஆயிரம் ஓட்டில் பிரைமரியில் போனார். நவம்பரில் வரிசையில் நிற்கிற நாம், பிரைமரி அன்று எங்கே இருந்தோம்?

நான் எங்கே இருந்தேன் என்று சொல்கிறேன். குடியுரிமை வாங்கியதும் பதிவுப் படிவத்தில் 'எந்தக் கட்சியும் இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். நடுநிலை என்று ஒரு பெருமை. பிரைமரி அன்று காலை ஏழு மணிக்கே, இஸ்திரி போட்ட சட்டையோடு, தீயணைப்பு நிலையத்து வாக்குச்சாவடியில் முதல் ஆளாக நின்றேன். அங்கே இருந்த பாட்டியம்மா ஏட்டில் விரல் வைத்துத் தேடினார். தலையைத் தூக்கி, "கண்ணு, வேட்பாளருக்குப் போட உனக்கு இன்று ஓட்டு இல்லையே" என்கிற மாதிரி சொன்னார். நம் மாநிலத்தில் பிரைமரி கட்சியில் பதிந்தவருக்கு மட்டும். எனக்குப் பின்னால் நின்றவர் என் தோளைத் தாண்டி முன்னே போனார். 'நான் ஓட்டளித்தேன்' ஸ்டிக்கர் கூடக் கிடைக்கவில்லை.

அதனால் எந்தக் கட்சி என்று நான் சொல்லமாட்டேன். என் மனைவி வேறு கட்சியில் பதிந்திருக்கிறார், நான் வேறு. குடியுரிமை உள்ளவர்கள் ஏதாவது ஒன்றில் பதியுங்கள். தேர்தலுக்கு 15 நாள் முன்பு வரை பதியலாம், இணையத்திலும் செய்யலாம். காபி மேசைக்குப் பக்கத்தில் படிவம் வைத்திருக்கிறேன், பேனாவும் நான்கு இருக்கிறது. சந்தேகம் இருந்தால் தேர்தல் அலுவலக ஐயாவைக் கேளுங்கள், அதற்காகத்தான் அவரைக் கூட்டி வந்தேன். பேனாக்களைத் திருப்பித் தந்துவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.