வாய்ச்சிப் பிடி

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். மனம் தூய்மையாவது ஒரு நொடி விழிப்பிலா, நாள்தோறும் செய்யும் பயிற்சியிலா? இதுதான் இன்றைய கேள்வி. நான் பயிற்சியின் பக்கம் பேச வந்திருக்கிறேன்.

எதிரணியில் பேசிய அம்மா அங்குலிமாலன் கதையை உருக்கமாகச் சொன்னார்கள். கொன்றவர்களின் விரல்களை மாலையாகக் கோத்துப் போட்டவன் புத்தரைத் துரத்துகிறான். "நான் நின்றுவிட்டேன், நீயும் நில்" என்கிறார் அவர். அந்தச் சொல்லில் அவன் ஆயுதத்தை வீசி எறிகிறான். ஒரே நொடியில் மாறிவிட்டானே என்று கேட்டார்கள். மாறினான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த நொடியில் நின்றது கொலை. மனத்தின் கசடு? அதற்கப்புறம் நடந்ததையும் மஜ்ஜிம நிகாயம் என்கிற பௌத்த நூல் சொல்கிறது அம்மா. துறவு பூண்டு, தனித்திருந்து, சோர்வில்லாமல் முயன்ற பிறகுதான் அவர் அரஹந்தர், அதாவது மனக் கசடு முழுதும் நீங்கியவர், ஆனார். அந்த உழைப்பைத் தாண்டிக் குதித்துவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

சாரநாத்தில் ஐந்து துறவிகளுக்குச் சொன்ன முதல் உரையிலேயே, துன்பம் தீர்க்கும் எண்வழிப் பாதையைப் புத்தர் சொல்லிவிட்டார். எட்டையும் இங்கே ஒப்பிக்கப் போவதில்லை, நன்முயற்சி ஒன்றை மட்டும் பாருங்கள். எழாத தீய எண்ணத்தை எழாமல் காப்பது, எழுந்துவிட்டால் விடுவது, எழாத நல்லெண்ணத்தை எழுப்புவது, எழுந்ததைப் பேணி வளர்ப்பது. காலையில் ஒரு தடவை செய்துவிட்டு மறந்துவிடுகிற வேலையா இது?

அங்குத்தர நிகாயம் என்கிற இன்னொரு பௌத்த நூலில் மண்ணை அலசிப் பொன் எடுப்பவரைப் பற்றி ஓர் உவமை வருகிறது. முதல் அலசலில் கல்லும் கரடும் போகும். செயலிலும் சொல்லிலும் எண்ணத்திலும் உள்ள தீய நடத்தைதான் அது. அடுத்ததில் பருமணல் போகும்; அது ஆசை, பகை, கொடுமை பற்றிய நினைப்புகள். அப்புறமும் பொடி மணல் மிஞ்சும். அது என்ன தெரியுமா? என் சொந்தம், என் நாடு, என்னை யாரும் இளக்காரமாக நினைத்துவிடக் கூடாது என்கிற நினைப்புகள்! நம்மில் எத்தனை பேர் இவற்றை அழுக்கு என்றே எண்ணியிருக்கிறோம்? எனக்கு அந்த இடத்தைப் படித்தபோது நெஞ்சு அதிர்ந்தது. கல் கண்ணுக்குத் தெரியும், கையால் பொறுக்கலாம். பொடி மணல் அப்படி இல்லை. மேலே உள்ளது போன பிறகுதான் அது தெரியவே வரும். அதனால்தான் ஒரே அலசலில் முடியாது என்கிறோம்.

தச்சர் மரம் செதுக்கும் வாய்ச்சியின் பிடியையும் புத்தர் உவமையாகச் சொன்னார். பிடித்துப் பிடித்து விரல் பதிந்த தடம் அதில் தெரியும். இன்று இவ்வளவு தேய்ந்தது, நேற்று இவ்வளவு தேய்ந்தது என்று தச்சருக்குத் தெரியாது. தேய்ந்த பிறகு, தேய்ந்திருக்கிறது என்று மட்டும் தெரியும்.

வீட்டில் கோபம் வந்தால் கத்துவது என் வழக்கம். எண்வழிப் பாதையில் வரும் நல்வாய்மையை, அதாவது நல்ல பேச்சை, கடைப்பிடிக்கத் தொடங்கி ஏழு வருடம் ஆகிறது. பல நாள் தோற்றிருக்கிறேன், மறுநாள் திரும்பவும் தொடங்கியிருக்கிறேன். எந்த நாளில் குறைந்தது என்று எதிரணி கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. போன மாதம் என் மகள்தான் சொன்னாள்: "அப்பா, நீங்க இப்பல்லாம் கத்துறது ரொம்பக் குறைஞ்சிருச்சுப்பா."

நடுவர் அவர்களே, என் பிடி தேய்ந்திருப்பதை எனக்குக் காட்டியவள் அவள்தான். நன்றி, வணக்கம்.