கடலுக்கும் டைம்டேபிள் உண்டு

நடுவர் அவர்களுக்கும், இரண்டு அணிப் பேச்சாளர்களுக்கும், களியக்காவிளை ஊர்ப் பெரியவர்களுக்கும், எல்லை தாண்டிப் பாறசாலையில் இருந்து வந்து உட்கார்ந்திருக்கிற உறவுகளுக்கும் வணக்கம், ஓண வாழ்த்து. மணி ஏற்கெனவே ஒரு தடவை அடித்துவிட்டது. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

தீவுச் சுற்றுலாவில் மனசு நிறைவது திட்டமிட்டுப் போகும்போதா, போன இடத்தில் தோன்றியபடி சுற்றும்போதா? இதுதான் தலைப்பு. திட்டமிட்டுப் போகும்போதுதான் என்பது எங்கள் கட்சி. நம்ம பக்கத்தில் தீவு டூர் என்று பேச்செடுத்தாலே முதலில் வருவது அந்தமான். அதனால் அதையே வைத்துப் பேசுகிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி ஒரு வார்த்தை சொன்னார். “அட்டவணை போட்டுத் தீவுக்குப் போறவங்க டூர் போகல, பரீட்சை எழுதப் போறாங்க. கடலுக்கு ஏதுங்க டைம்டேபிள்?” நீங்களும் கைதட்டினீர்கள். நல்ல பேச்சு, நானும் தட்டினேன்.

ஆனால் தம்பி, அதை எந்த ஊரில் நின்று சொன்னீர்கள்? இங்கே பஸ் ஏறினால் தூத்தூர், கொஞ்சம் தள்ளிப் போனால் குளச்சல். பின்வரிசையில் கடற்கரை ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள். கடலுக்கு டைம்டேபிள் இல்லையா என்று அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அமாவாசை என்றைக்கு, பௌர்ணமி என்றைக்கு, தண்ணீர் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று காலண்டர் பார்க்காமலே சொல்லிவிடுவார்கள்.

கடல் ஒரு நாளில் இரண்டு தடவை ஏறும், இரண்டு தடவை வற்றும். ஏற்றத்துக்கும் வற்றுக்கும் நடுவே ஆறு மணி நேரமும் கொஞ்சமும். ஒவ்வொரு நாளும் அந்த நேரம் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். இன்றைக்குக் காலை 6 மணிக்கு வற்று என்றால், ஒரு வாரம் கழித்து அது நண்பகலை ஒட்டி வந்து நிற்கும். இதைத் துறைமுகம் துறைமுகமாகக் கணக்குப் போட்டு, இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் புத்தகமாகவே வெளியிடுகிறது. ரயிலாவது லேட்டாக வரும். கடல் அப்படி வராது!

நம்ம கரையில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டர்கூட இல்லை. அதனால் கரையில் நிற்கிற நமக்கு அது கண்ணில் படுவதில்லை. போர்ட்பிளேரில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் ஏறி இறங்கும். நீல் தீவில், இப்போதைய பெயர் ஷஹீத் தீவு, கடலே குடைந்து செய்த கல் பாலம் ஒன்று உண்டு. அந்தமான் போகிறவர்கள் எல்லாரும் அதன் அடியில் நின்று போட்டோ எடுக்க ஆசைப்படுவார்கள். தண்ணீர் வற்றினால்தான் அங்கே நடந்து போக முடியும். வழியெல்லாம் பாசி பிடித்த கல், செத்த பவளம். அடிப்பக்கம் பிடிப்புள்ள செருப்பு இல்லாவிட்டால் கால் வழுக்கும், கிழியும். ஏற்ற நேரத்தில் போனால் தூரத்தில் நின்று கும்பிட்டுவிட்டு வரலாம், அவ்வளவுதான். அதே தீவில் பரத்பூர் கடற்கரையில், அடியில் கண்ணாடி பதித்த படகு ஓடுகிறது. அதற்கு நேர்மாறு: தண்ணீர் ஏறியிருக்க வேண்டும். வற்றிய நேரத்தில் பவளத்திட்டு தலைகாட்டும், படகு உரசும். ஆக வற்றில் பாலம், ஏற்றத்தில் படகு. இந்த ஒரு வரியைத் தெரிந்துகொண்டு போகிறவனுக்கு ஒரே நாளில் இரண்டும் கிடைக்கும். தெரியாதவனுக்கு இரண்டுமே தவறும். தம்பி, கடல் பரீட்சை வைக்கத்தான் செய்கிறது, கேள்வித்தாளை முந்தின நாளே கையில் கொடுத்தும் விடுகிறது!

(பவளம் என்றதும் ஒன்று. அழகாக இருக்கிறது என்று ஒரு துண்டுகூடப் பையில் போடாதீர்கள். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து எடுப்பார்கள்.)

கடலை விடுங்கள், சூரியனுக்கு வருகிறேன். குழித்துறைப் பக்கம் ஒரு குடும்பம். பேர் வேண்டாம். அண்ணன், தம்பி, அவர்கள் மனைவிமார், பிள்ளைகள் நாலு, எழுபது வயதுப் பாட்டி. ஒன்பது பேர். டிசம்பர் லீவுக்கு அந்தமான். விமான டிக்கெட் போட்டாச்சு, ரூம் போட்டாச்சு. மிச்சத்தைக் கேட்டால் அண்ணன் ஒரே பதில்தான் சொல்வார்: “அங்க போய்ப் பாத்துக்கலாம்.”

ஹேவ்லாக் போனார்கள். ஸ்வராஜ் தீவு என்று 2018-இல் பெயர் மாற்றிய தீவு. ராதாநகர் கடற்கரையில் சூரியன் மறைவதைப் பார்க்க வேண்டும் என்று பிள்ளைகளுக்கு ஆசை. மத்தியானமே தம்பி கேட்டார், “அண்ணே, எப்பம் கிளம்பணும்?” அண்ணன் சொன்னார், “நம்ம முட்டத்துல ஆறு மணி வரைக்கும் சூரியன் நிக்கும் மக்கா. பைய போலாம்.” பைய என்றால் பையத்தான். ஒரு டீ. ஒரு ஏத்தன்பழ பஜ்ஜி. பஜ்ஜி நல்லாருக்கு என்று இன்னொன்று. மைனி சேலை மாற்றினார். மைனி மாற்றியதால் கொழுந்தன் பெண்டாட்டியும் மாற்றினார். ஜீப் பிடித்து, படகுத்துறைப் பக்கத்தில் இருந்து 12 கிலோமீட்டர் போக வேண்டும். போகிற வழியில் எதிரே வண்டி வண்டியாகச் சனம் திரும்பி வருகிறது. அண்ணன் சொல்கிறார், “பாத்தியா, கூட்டம் கொறையுது. நமக்கு நல்லதுதான்!”

போய் இறங்கினால் கும்மிருட்டு. கடல் சத்தம் கேட்கிறது, கடலைக் காணோம். கடைக்குட்டி கேட்டது, “பெரியப்பா, சூரியன் எங்க?” அண்ணன் வாட்சைப் பார்த்தார். சரியாக ஆறு. காதில் வைத்துப் பார்த்தார், ஓடுகிறது. தம்பியின் போனைப் பார்த்தார், அதிலும் ஆறு. இளநீர்க் கடைக்காரரிடம் கேட்டார். “சாரே, அது அஞ்சேகாலுக்குள்ள போயாச்சே!” அந்தப் போட்டோ வீட்டில் இருக்கிறது. இருட்டில் பிளாஷ் போட்டு ஒன்பது முகம். ராதாநகர் என்று சொன்னால் ராதாநகர், தேங்காப்பட்டணம் என்று சொன்னால் தேங்காப்பட்டணம்!

ஏன் அப்படி? சூரியன் மேல் குற்றம் இல்லை. நாடு முழுக்க ஒரே கடிகாரம். பூமி ஒரு பாகை திரும்ப 4 நிமிடம். நாகர்கோவில் இருப்பது கிழக்கே 77 பாகையைத் தாண்டி, அந்தமான் இருப்பது 92 பாகையைத் தாண்டி. பதினைந்து பாகை வித்தியாசம், பதினைந்து நாலு அறுபது. ஒரு மணி நேரம் முன்னாலேயே அங்கே விடியும், ஒரு மணி நேரம் முன்னாலேயே அடையும். டிசம்பரில் ராதாநகரில் சூரியனைப் பார்க்க வேண்டும் என்றால் நாலு மணிக்கே மணலில் உட்கார்ந்திருக்க வேண்டும். காலையில் ஐந்து மணிக்குக் கிழக்குக் கரையில், காலாபத்தர் கடற்கரையில் நிற்க வேண்டும். காலையில் கிழக்கு, மாலையில் மேற்கு. நீல் தீவிலும் அதே கணக்கு: விடியலுக்குச் சீதாபூர், மறைவுக்கு லக்ஷ்மண்பூர்.

இருட்டில் நின்ற அண்ணன் என்ன சொன்னார் தெரியுமா? “நாளைக்குப் பாத்துக்கலாம்.” மறுநாள் மத்தியானம் அவர்களுக்குக் கப்பல்! டிசம்பரில் அந்தக் கப்பல் டிக்கெட்டை மாற்றிக் கேட்டால் ஒன்பது சீட் சேர்ந்து கிடைக்குமா?

சரி, போர்ட்பிளேர் வந்தார்கள். 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய ஊர். கடைசி நாள். தம்பிக்கு ஸ்கூபா, அதாவது முதுகில் காற்றுக் குப்பி கட்டிக்கொண்டு கடலுக்குள் முங்க வேண்டும். நார்த் பே கடற்கரைக்குப் போனார். பயிற்சியாளர் கேட்டார், “ஆஸ்துமா உண்டா? இருதயத்தில் ஏதும்? சளி?” ஒன்றும் இல்லை. தம்பிக்கு ஏக சந்தோசம். கடைசியாக, “ஃப்ளைட் எப்போ?” “நாளைக்குக் காலைல.” பயிற்சியாளர் படிவத்தை மடித்து வைத்துவிட்டார். தம்பி பக்கத்துக் கடைக்குப் போனார். ஆஸ்துமா, இருதயம், சளி. “ஃப்ளைட் எப்போ?” மூன்றாவது கடையில் அவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே தம்பி கேட்டார், “ஃப்ளைட் எப்போன்னு கேக்கப் போறீங்க, இல்லியா?”

அவர்கள் கேட்டது அவர் உயிருக்காக. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு. நாம் இழுக்கிற காற்றில் உள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் சதையிலும் கூடுதலாகக் கரைகிறது. கரைக்கு வந்ததும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே போகும். அதற்குள் விமானம் ஏறினால், உள்ளே அழுத்தம் மலை உச்சி அளவுக்குக் குறைவு. சோடா பாட்டில் மூடியைத் திறந்த மாதிரி உடம்புக்குள் குமிழி கிளம்பும். மூட்டு வலியில் தொடங்கிப் பக்கவாதம் வரைக்கும் கொண்டு போகும். ஒரே ஒரு முங்கல் என்றாலும் குறைந்தது 12 மணி நேரம், பல முங்கல் என்றால் 18. கடைக்காரர்கள் பாதுகாப்புக்காக 24 என்று வைத்திருக்கிறார்கள், அதுதான் நல்லது. ஆகவே முங்கலை முன்னால் வையுங்கள், ஊர் சுற்றலைப் பின்னால் வையுங்கள். விமானத்துக்கு முந்தின நாள் முழுக்கப் போர்ட்பிளேரிலேயே இருங்கள். காற்று அடித்தால் தீவுக் கப்பல் ரத்து ஆகும், விமானம் உங்களுக்காக நிற்காது.

பாராடாங் தீவுச் சுண்ணாம்புக் குகையைப் பற்றியும் எதிரணியில் பேசினார்கள், “தோணினா ஒரு நடை போய்ட்டு வரலாம்” என்று. ஜாரவா பழங்குடிகளின் காட்டு வழியாகப் போகிற பாதை அது. ஜிர்காட்டாங் சோதனைச் சாவடியில் இருந்து, குறித்த நேரத்துக்கு, வரிசையாகத்தான் வண்டிகளை விடுவார்கள். முதல் வரிசை காலை 6 மணி. அதைப் பிடிக்க விடியற்காலை மூன்றரைக்குள் போர்ட்பிளேரை விட வேண்டும். வழியில் நிறுத்தக் கூடாது, போட்டோ கூடாது. தோன்றியபடி போகிற இடமா அது?

“எல்லாத்தையும் குறிச்சு வச்சா சந்தோசம் எங்கே?” என்று கேட்பீர்கள். ஒரு மத்தியானத்தை வெறுமனே விடுங்கள், எதுவும் எழுதாதீர்கள். மழை வந்தால் தவறிய இடத்துக்கு அது உதவும், வராவிட்டால் பிள்ளைகள் மணலில் கிடக்கட்டும்.

நடுவர் அவர்களே, இரண்டாவது மணியும் அடித்துவிட்டது. ஒரு நிமிடம் தாருங்கள். அந்த ஒன்பது பேரில் பாட்டி ஒருத்தி இருந்தாளே, அவளைப் பற்றி நான் இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இங்கே யாரும் கேட்கவும் இல்லை. அந்த வீட்டிலும் யாரும் கேட்கவில்லை.

அவள் கேட்டது ஒரே ஒரு இடம். “அந்த ஜெயிலைப் பாக்கணும் மக்கா.” செல்லுலார் ஜெயில். 1896-இல் கட்டத் தொடங்கி 1906-இல் முடித்தது. ஏழு சிறகில் மூன்றுதான் மிச்சம். ஒரு சிறகின் அறைகள் அடுத்த சிறகின் முதுகைப் பார்த்து இருக்கும், ஒரு கைதி முகத்தை இன்னொரு கைதி பார்க்கக் கூடாது என்பதற்காக. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சொன்னதைக் கேட்டு அழுத பிள்ளை அவள். எழுபது வயதில் அங்கே போய் நிற்க ஆசைப்பட்டாள். வந்த அன்றைக்கே சொன்னாள். மகன் சொன்னான், “பாத்துக்கலாம்மா.” கடைசி நாள் நார்த் பேயில் கடை கடையாக ஏறி இறங்கியதில் சாயங்காலம் ஆகிவிட்டது, வாசல் அடைத்துவிட்டார்கள். பாட்டி என்ன சொன்னாள்? “சாரமில்ல மக்கா. நீங்க சந்தோசமா இருந்தா எனக்குப் போதும்.”

எதிரணி நண்பர்களே, தோன்றியபடி போகிற பயணத்தில் யாருக்குத் தோன்றுகிறது? சத்தமாகக் கேட்கிறவனுக்குத் தோன்றுகிறது. பஜ்ஜிக்கு நேரம் கிடைத்தது, சேலைக்கு நேரம் கிடைத்தது, அந்தக் கிழவிக்குக் கிடைக்கவில்லை. ஒரு தாளை எடுத்து, “அம்மா, உங்களுக்கு எங்க போகணும்?” என்று முதலில் கேட்டு, முதல் நாள், காலை வெயில் ஏறும் முன்னால், முட்டுவலி மாத்திரையும் கையுமாகக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்துவதைத்தான் நாங்கள் திட்டம் என்கிறோம். உங்கள் வீட்டிலும் ஒருத்தி இருப்பாள். இன்றைக்கு ராத்திரி சாப்பாடு போடும்போது அவளிடம் கேளுங்கள், டிக்கெட்டை அப்புறம் போடலாம். நடுவர் அவர்களே, அந்தப் பாட்டியின் பேரைச் சொல்லித்தான் எங்கள் அணிக்குத் தீர்ப்புக் கேட்கிறேன். நன்றி, வணக்கம்.