வெள்ளியின் எரிமலைக்கு ஐஸ்லாந்தில் பாடம்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

விடியற்காலையில் கீழ்வானத்தில் மின்னும் வெள்ளியைப் பார்க்காதவர்கள் இங்கே இருக்க மாட்டீர்கள். ஆனால் நாம் பார்ப்பது அதன் மேகத்தைத்தான். கந்தக அமிலத் துளிகளாலான அந்த மேகம் கோள் முழுவதையும் போர்த்தியிருக்கிறது. அடியில் தரையின் வெப்பம் ஏறத்தாழ 465 டிகிரி செல்சியஸ். ஈயம் உருகி ஓடிவிடும். 1982 மார்ச்சில் அங்கே இறங்கிய சோவியத்தின் வெனீரா 13 கலம் 127 நிமிடங்கள் தாக்குப்பிடித்தது. அவ்வளவு நேரம் அந்தத் தரையில் வேறெந்தக் கலமும் உயிரோடு இருந்ததில்லை.

அப்படிப்பட்ட இடத்தில் எரிமலையை எப்படி ஆராய்வது? மேகத்தை ஊடுருவும் ரேடார் அலைதான் வழி. 1990இல் வெள்ளியை அடைந்த நாசாவின் மெகல்லன் விண்கலம், சுற்றிச் சுற்றி வந்து கோளின் 98 விழுக்காட்டைப் படம் பிடித்தது. மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ரேடார் படம் புகைப்படம் அன்று. இரவில் அசையாத குளத்து நீரின்மேல் சாய்வாக டார்ச் அடித்துப் பாருங்கள். ஒளி அப்பால் தெறித்துப்போகும், நீர் இருட்டாகவே தெரியும். கரையிலுள்ள ஜல்லிக் குவியலின்மேல் அடித்தால் அது பளிச்சென்று தெரியும். ரேடாருக்கும் அப்படித்தான். வழவழப்பான பாறை கறுப்பு, கரடுமுரடானது வெளுப்பு.

இப்போது மாட் மலைக்கு வருவோம். வெள்ளியின் மிக உயரமான எரிமலை அது. 1991 பிப்ரவரியில் மெகல்லன் எடுத்த படத்தில், அதன் அருகே வட்டமான ஓர் எரிமலைவாய். பரப்பு சுமார் 2.2 சதுர கிலோமீட்டர். அதே ஆண்டு அக்டோபரில் எடுத்த படத்தில் அந்த வாய் வட்டம் குலைந்து, ஏறத்தாழ 4 சதுர கிலோமீட்டராக விரிந்திருந்தது. இரண்டு படங்களும் ஆவணத்தில் 30 ஆண்டுகளுக்கு மேல் கிடந்தன! அலாஸ்கா பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஹெரிக் அவற்றை அருகருகே வைத்து, தம் கண்ணாலேயே ஒப்பிட்டுக் கண்டுபிடித்தார். இரண்டும் எதிரெதிர்த் திசைகளிலிருந்து எடுக்கப்பட்டவை என்பதால், பார்வைக் கோணம் மாறியதே வடிவத்தையும் மாற்றிக் காட்டுகிறதோ என்ற ஐயம் எழுந்தது. நாசாவின் ரேடார் அறிவியலாளர் ஸ்காட் ஹென்ஸ்லி அந்த வாயைப் பல வடிவங்களில் கணினியில் உருவாக்கிச் சோதித்தார். கோணத்தால் மட்டும் இந்த மாற்றம் வராது என்று தெரிந்தது. 1991இல் அங்கே எரிமலை இயங்கியிருக்கிறது என்ற முடிவு 2023 மார்ச்சில் வெளியானது. அந்தப் பொறுமைக்கு நான் தலைவணங்குகிறேன்.

ஆனால் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. ரேடாரில் வெளுத்துத் தெரியும் இடம் எந்தக் கல்? கரடுமுரடாக உடைந்த எரிகுழம்பா, சரிந்து விழுந்த கற்களா? இதற்கு விடை வானத்தில் இல்லை. நடந்துதான் தேட வேண்டும்.

அதனால்தான் 2023 ஆகஸ்டில், வெள்ளியை ரேடாரால் மீண்டும் படம் பிடிக்கவிருக்கும் நாசாவின் வெரிட்டாஸ் விண்கலத் திட்டத்து அறிவியலாளர்கள் ஐஸ்லாந்துக்குப் போனார்கள். திட்டத்தின் நிதி குறைக்கப்பட்டு, விண்கலம் புறப்படும் நாள் தள்ளிப்போயிருந்த நேரம் அது. அஸ்க்யா எரிமலைப் பகுதியில் செடிகொடிகள் மிகக் குறைவு. பாறை மறைப்பின்றிக் கிடக்கிறது. நிலாவுக்குப் போகுமுன் அப்பல்லோ வீரர்களும் 1965லும் 1967லும் ஐஸ்லாந்தில்தான் பாறைகளைப் படித்தார்கள். இந்த முறை மேலே ஜெர்மன் விண்வெளி மையத்தின் விமானம் ரேடாரோடு பறந்தது. கீழே ஆட்கள் அதே பாறைமேல் நடந்து, லேசர் கருவியால் அதன் மேடுபள்ளத்தை நுணுக்கமாக அளந்தார்கள்; கல்லையும் உடைத்து எடுத்துக்கொண்டார்கள்.

எரிகுழம்பு உறையும் விதத்துக்கு ஹவாய் மக்கள் வைத்த பெயர்களையே உலகம் பயன்படுத்துகிறது. கயிறு முறுக்கியதுபோல் வழவழவென்று உறைவது பஹோயிஹோயி. கத்திபோன்ற விளிம்புகளோடு நொறுங்கிக் கிடப்பது ஆ-ஆ. ஒரே குழம்பு வழியில் பஹோயிஹோயியிலிருந்து ஆ-ஆவாக மாறுவதும் உண்டு. ஓடிய வேகம், சரிவு, ஆறிய விதம் எல்லாம் அந்தக் கரடுமுரட்டில் பதிந்திருக்கின்றன. சுமார் 12 சென்டிமீட்டர் நீளமுள்ள ரேடார் அலையில் பார்த்த மெகல்லனுக்கு வழவழப்பாகத் தெரிந்த பாறை, வெரிட்டாஸின் குட்டையான அலைக்குச் சொரசொரப்பாகத் தெரியலாம். இந்த வேறுபாட்டை ஐஸ்லாந்தில் அளந்து வைத்திருந்தால்தான், வெள்ளியிலிருந்து வரும் படத்தைத் தவறின்றிப் படிக்க முடியும்.

வெரிட்டாஸும் ஐரோப்பாவின் என்விஷன் விண்கலமும் அடுத்த பத்தாண்டில் புறப்படக் காத்திருக்கின்றன. மாட் மலையருகே இருக்கும் அந்த எரிமலைவாயை அவை மீண்டும் படம் பிடிக்கும். 1991இன் இரண்டு படங்களுக்குப் பக்கத்தில் மூன்றாவதை வைத்துப் பார்க்கும் கண்கள், இந்த அரங்கில் அமர்ந்திருக்கும் உங்களில் ஒருவருடையதாக இருக்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.