இரண்டு ஃபில்டர்கள், ஒரு தொட்டி

நேயர்களுக்கு வணக்கம்.

என் வீட்டில் 300 லிட்டர் மீன் தொட்டி ஒன்று இருக்கிறது. அதற்குக் கீழே அலமாரியில் இரண்டு கேனிஸ்டர் ஃபில்டர்கள் ஓடுகின்றன. பார்க்க வருகிறவர்கள், "ஒன்று போதாதா?" என்று கேட்பார்கள். நானும் ஒன்றோடுதான் தொடங்கினேன்.

கேனிஸ்டர் என்பது இறுக மூடிய வாளி போன்றது. தொட்டித் தண்ணீர் ஒரு குழாயில் இறங்கி, உள்ளே பஞ்சு, செராமிக் வளையங்கள் எல்லாவற்றையும் கடந்து வரும். மூடியிலுள்ள மோட்டார் அதை மறுபடி மேலே தள்ளும்.

ஒரு விடுமுறை நாளில் அதைத் திறந்து, பஞ்சையும் வளையங்களையும் குழாய்த் தண்ணீரில் பளிச்சென்று தேய்த்துக் கழுவி வைத்தேன். மூன்றாம் நாள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. இரண்டு ஏஞ்சல் மீன்கள் போய்விட்டன. நான் அழுக்கு என்று நினைத்துக் கழுவியதில்தான் அவற்றின் உயிர் இருந்தது. மீன்களின் கழிவிலிருந்தும் செவுளிலிருந்தும் அம்மோனியா வந்துகொண்டே இருக்கும். பஞ்சிலும் வளையங்களிலும் வாழும் ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு. நைட்ரேட்டை ஓரளவு தாங்கும், தண்ணீர் மாற்றி அதைக் குறைத்துக்கொள்ளலாம். புதுத் தொட்டியில் இந்த பாக்டீரியா நிலைபெறவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். குழாய்த் தண்ணீரின் குளோரின் அதை ஒரே நாளில் அழித்துவிட்டது.

இரண்டாவது ஃபில்டரை அதற்காகத்தான் வாங்கினேன். ஒன்றைத் திறக்கும் நாளில் மற்றதைத் தொடவே மாட்டேன். அதன் முறை வர மூன்று வாரமாவது ஆகும். பஞ்சை அலசுவதும் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில்தான்.

இங்கே பலர் தவறாக நினைக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஃபில்டர் இரண்டானால் மீனையும் இரண்டு மடங்காக்கலாம் என்பது சரியல்ல. கிடைக்கிற அம்மோனியாவுக்குத் தகுந்த அளவுதான் பாக்டீரியா வளரும். அதே மீன்கள் இருக்கும்போது, ஃபில்டரில் இருந்த பாக்டீரியா இரண்டு வாளிகளுக்குமாகப் பிரிந்துகொள்கிறது. ஒரு மோட்டார் நின்றுபோனால், மிஞ்சுவது ஏறக்குறைய பாதியும் தொட்டிக் கற்களில் ஒட்டியிருப்பதும்தான். அப்போது ஒரு வாரம் தீனியைப் பாதியாகக் குறைத்து, தினமும் அம்மோனியா சோதனை செய்து பார்க்க வேண்டும். ஆனால் பாதி இருக்கிறதே! முன்பு எனக்கு அதுவும் இல்லை.

அப்புறம் ஓட்டம். பெட்டியில் மணிக்கு 1000 லிட்டர் என்று போட்டிருந்தால், அது பெரும்பாலும் உள்ளே எதுவும் இல்லாமல் அளந்தது. பஞ்சு நிரப்பி, குழாய்கள் வழியே தள்ளும்போது நன்றாகவே குறையும். முதலில் இரண்டு வெளியேற்றுக் குழாய்களையும் எதிரெதிரே வைத்தேன். இரண்டு ஓட்டமும் நடுவில் மோதி, அங்கேயே அழுக்கு குவிந்தது. இப்போது ஒன்று பின்பக்க இடது மூலையிலிருந்து வலப்புறமாகவும், மற்றது முன்பக்க வலது மூலையிலிருந்து இடப்புறமாகவும் தள்ளுகின்றன. தண்ணீர் மெல்லச் சுற்றி வருகிறது. ஏஞ்சலுக்கு வேகமான ஓட்டம் ஆகாது என்பதால் துளைக் குழாய் மாட்டி வேகத்தைத் தணித்திருக்கிறேன்.

குழாய்கள் கூடினால் கசிவுக்கான இடங்களும் கூடும். திறக்கும்போதெல்லாம் மூடியின் ரப்பர் வளையத்தைத் துடைத்து, சிலிக்கோன் கிரீஸ் தடவுங்கள்.

மின்சாரம் போனால் மட்டும் இரண்டு இருந்தும் பயனில்லை, இரண்டுமே நின்றுவிடும். மூடிய வாளிக்குள் ஆக்சிஜன் சில மணி நேரத்தில் தீர்ந்து, பாக்டீரியா சாகத் தொடங்கும். நீண்ட நேரம் கழித்து மின்சாரம் வந்தால் அப்படியே ஓடவிடாதீர்கள், உள்ளே தேங்கிய தண்ணீர் முழுவதும் தொட்டியில் கொட்டும். முதலில் மூடியைத் திறந்து மோந்து பாருங்கள். அழுகிய முட்டை வாடை அடித்தால் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, பஞ்சையும் வளையங்களையும் தொட்டித் தண்ணீரில் அலசி, வேறு தொட்டித் தண்ணீரை நிரப்பி ஓடவிடுங்கள்.

என் வீட்டில் இந்த ஞாயிறு இடது பக்க ஃபில்டரின் முறை. பஞ்சு அலசும் வாளியை இப்போதே எடுத்து வைத்திருக்கிறேன். வணக்கம்.