அமுச்சி செருப்பில் ஒரு எலி

நடுவர் ஐயாவுக்கும் ஊர்ச் சனத்துக்கும் வணக்கமுங்க. எதிரணிக்கும்தான். இருக்கறது எட்டே நிமிஷம், நேரா விசயத்துக்கு வந்தர்றேன்.

"பூனை நம்ம வீட்டுல இருக்கறது பாசத்துக்கா, பால்சட்டிக்கா?" இதான் தலைப்பு. பால்சட்டிக்கேன்னு பேசிட்டுப் போன எதிரணி அண்ணன் கடைசியா ஒரு போடு போட்டாருங்க: "பூனை கால்ல உரசறது பாசமில்ல, முதுகு அரிப்பு. தூணுக்கும் அதே உரசல்தான்." நீங்களும் கை தட்டுனீங்க.

பால்சட்டிக் கதையை ரெண்டு வரியில முடிச்சர்றேன். வளந்த பூனை பலதுக்குப் பாலே செரிக்காதுங்க. பால்ல இருக்கற சக்கரையை உடைக்கற நொதி, குட்டிப் பருவம் தாண்டுனதும் குறைஞ்சு போயிரும். ஊத்தி வெச்சா வயித்தால போகும். தண்ணிதான் வேணும், அதுவும் சோத்துத் தட்டுக்குத் தள்ளி வேற கிண்ணத்துல.

இப்பத் தூணுக்கு வாரேன். அண்ணா, அரிப்புன்னா முதுகைத்தானே தேய்க்கோணும்? பூனை மொதல்ல எதை வெக்குது? கன்னத்தை! அப்புறம் விலா, கடைசியா வாலடி. கன்னம், மோவாய், நெத்தியோரம், வாலடி, இங்கெல்லாம் தோல்ல வாசச் சுரப்பி இருக்குதுங்க. நம்ம மூக்குக்கு எட்டாத வாசம். அதைத் தூண்ல பூசுனா 'இது என் வீடு', கால்ல பூசுனா 'இது என் ஆளு'. கூட்டமா வாழற பூனைக ஒண்ணையொண்ணு உரசி, எல்லாத்து மேலயும் ஒரே வாடையா ஆக்கிக்கும். அந்தக் கூட்டத்துல உங்களையும் சேத்துருக்கு, நீங்க அரிப்புங்கறீங்க! உரச வாரப்ப வாலைப் பாருங்க. கம்பாட்டம் நிமுந்து நுனி லேசா வளைஞ்சிருந்தா அது வணக்கம். குட்டி தாய்கிட்ட வாரது அப்படித்தான்.

காங்கேயம் பக்கம் ஒரு தோட்டத்துச் சாளை, அதாங்க தோட்டத்து வீடு. 78 வயசு அமுச்சி, நம்ம பாட்டிதானுங்க, கூட மூணு பூனை. அதுல ஒண்ணு முக்கலர்ப் பொட்டை. ஒரு நா விடியக்காலம் அமுச்சி செருப்பை மாட்டறாங்க. காலுக்கு மெத்துனு என்னமோ தட்டுது. குனிஞ்சு பாத்தா, செத்த எலி! "அட கருமமே"ன்னு வெளக்கமாத்தை எடுத்துத் தொரத்துனாங்க. மக்யா நாளு அதே செருப்பு, அதே எடம். எலிக்குக் குத்துசுரு. மறுபடி வெளக்கமாறு. மூணாம் நாளு அந்த முக்கலர்ப் பூனை அமுச்சி கண்ணு முன்னாலயே கவ்விட்டு வந்து செருப்பு மேல வெச்சுது. வெச்சதுதான் தாமசம், எலி எந்திரிச்சு ஓடுது! முழு உசுரு! அமுச்சி திண்ணை மேல, எலி மூட்டைக்கடியில. பூனை அசையலீங்க. உக்காந்து அமுச்சி மூஞ்சியவே பாக்குது: 'புடி!'

தாய்ப்பூனை குட்டிக்கு வேட்டை பழக்கறது இதே வரிசையிலதானுங்க. மொதல்ல செத்தது, அப்புறம் குத்துசுரு, கடைசியா உசுரோட. அமுச்சி ஒரு எலி புடிச்சு அது பாத்ததில்ல. 'நாமில்லாட்டி இது என்னத்தைத் திங்கும்'னு கவலைப்பட்டுருக்கும். 78 வயசுல அமுச்சிக்கு ஒரு தாய்! பால்சட்டிக்கு வந்த உசுரு எலி கொண்டாந்து தருமுங்களா?

ஒரே சாளையில மூணும் மூணு குணம். செவலைக் கடுவன் அங்கயே பொறந்தது. ரெண்டாவது வாரத்துலருந்து ஏழாவது வாரத்துக்குள்ள மனுசக் கை பட்ட குட்டி, யார் மடியிலயும் ஏறும். கருப்பி மூணு மாசக் குட்டியாத் தேங்காக் களத்துலருந்து வந்தது. நீட்டுன கைக்கு இன்னும் வராது. ஆனா நாலு முழம் தள்ளி உக்காந்து அமுச்சியப் பாத்து மெல்லக் கண்ணை மூடித் திறக்கும். நாம மெல்ல மூடுனா பூனையும் திருப்பி மூடுமுன்னு 2020-ல இங்கிலாந்து சசெக்ஸ் பல்கலைக்கழகத்துல ஆராஞ்சு சொல்லியிருக்காங்க.

அமுச்சிக்குக் கோயமுத்தூர்ல கண்புரை ஆபரேசன். நாலு நாள் கழிச்சுச் சாளைக்கு வந்தாங்க, கருப்புக் கண்ணாடி, மேலெல்லாம் ஆஸ்பத்திரி வாடை. பூனை ஆளை அடையாளம் கண்டுக்கறதுல மூக்குக்குப் பெரிய பங்குங்க. மூணும் மோந்து பாத்துட்டு ஓடிருச்சு. 'என்னை மறந்துருச்சுகளே'ன்னு அமுச்சி சோறுகூட உங்காமப் படுத்துட்டாங்க. கருப்பிக்கிட்டக் கண்ணை மூடிக் காட்டலாமுன்னாக் கண்ணாடி மறைக்குது.

நடுச்சாமத்துல தொங்கப் போட்டிருந்த கையில என்னமோ பட்டுது. கன்னம். திரும்பி மறு கன்னம். சொட்டு மருந்து நாறுன ஒவ்வொரு விரலா, விடியற மட்டும் தேச்சுத் தேச்சுத் தன் வாடையைப் பூசிட்டு இருந்துச்சு, நீட்டுன கைக்கு வராத அந்தக் கருப்பி. அமுச்சி கையை எடுக்கவே இல்லீங்க.